கீழ்பென்னாத்தூர் வழியாப் போற பஸ்

ஹலோ… ஆங், வினோதினி… சொல்லுடி… கேக்குது, நல்லா கேக்குது…

இல்ல, தூங்கல… தொண்ட கட்டிகினு இருக்கு, அதான் கொரல் அப்படி… ஆமா ஆமா, காய்ச்சல்தான். இன்னும் விடல… தெர்மாமீட்டர்லாம் வச்சுப் பாக்கல, தொட்டாலே சுடுது… எங்க அம்மி கஷாயம் வச்சிக் குடுத்தாங்க… குடிச்சேன், குடிச்சேன்…

வூட்லதான் இருக்கேன். வேற எங்க இருக்கப் போறேன்…

…சத்தமா? அது டிவிதான்டி. எங்கப்பா எவ்ளோ சத்தமா வச்சிப் பாப்பாரு, ஒனக்குத் தெரியாதா… இல்ல, இன்னிக்கு மெத்தக் கடைக்குப் போகல… வெள்ளிக்கெழமல்ல, அதான் லீவு… என்ன? …சனிக்கெழமையா இன்னிக்கு? …ஆமால்ல. காய்ச்சல்ல எனக்குக் கெழமையே மறந்துபோச்சி. சரி, அவரு ஏன் போகலன்னு எனக்கென்ன தெரியும், போகல…

…எப்போ? இன்னிக்கா?

வேணாம்டி… வராத… சொல்றதக் கேளு வினோ, ஒனக்கும் ஒட்டிக்கும். திங்கக்கெழம காலேஜ வச்சிகினு ரெண்டு பேரும் படுத்துக்கவா… பரவால்லன்னா? எனக்குப் பரவா இருக்குடி… ஒரு வருஷம் பாக்கல, ரெண்டு நாள் பொறுக்க மாட்டியா…

…என்ன எடுத்தாரப் போற?

மல்லாட்டயா.

…ம்… இல்ல, லைன்ல இருக்கேன்… சொல்லு… ஆமா, நான்தான் சொன்னேன். ஞாபகம் இருக்கு. அங்க வேர்க்கடலன்னா டின்ல, உப்பு போட்டு வறுத்துதான் விப்பான், நம்ம ஊரு மாதிரி தோலோட வேகவச்சித் திங்கணும்போல இருக்குன்னு… அத ஞாபகம் வச்சிகினா இருக்கீங்க… யாரு, ஒங்கப்பாவா? …அவரே கொல்லைக்குப் போயி, செடியோட புடுங்கியாந்து… இன்னிக்குக் காலைலயா…

அடுப்புல இருக்கா… ஒங்கம்மா பக்கத்துலயே நிக்கிறாங்களா… உப்பா? ஜாஸ்தியாவே போடச் சொல்லு. ஆமா, எனக்கு ஜாஸ்திதான் புடிக்கும்…

…அழுவலடி. சளி.

சரி, நீ பொட்டியெல்லாம் எடுத்து வச்சிட்டியா… பெட்ஷீட்டு… பூட்டு… ம்… ம்… ரெண்டு பக்கெட்டு எதுக்கு ஒருத்திக்கு?

…ஒண்ணு எனக்கா.

ஏன்டி வாங்குன… இல்ல, நான் வாங்கல… நீ பச்ச, நான் செவப்பா… குளிக்கற மக்கும் அதே கலர்ல… கலர் பாத்து வாங்கினியா… ஆமா ஆமா, மாத்தி எடுத்துட்டா சண்ட வரும்… மேல் கட்டில் எனக்கு, கீழ் கட்டில் ஒனக்கு. சொன்னேன், சொன்னேன்…

…ஒரு நிமிஷம் இரு… அண்ணா, கிளாம்பாக்கம் ஒண்ணு குடுங்க… ஆமாண்ணா, அந்த பேக்கும் என்னுதுதான்…

…ஹலோ. ஆங், சொல்லு… யார்ட்டயும் பேசல… அண்ணான்னா? அது… பக்கத்து வூட்டு அண்ணன்…

…டிவிலதான்டி ஏதோ…

…

கேட்டுச்சா.

ஆமா.

ஆமா வினோ, பஸ்லதான் இருக்கேன்… மெட்ராஸ் பஸ்… இல்ல, சொந்தக்காரங்க வூட்டுக்கெல்லாம் இல்ல… யாருக்கும் ஒண்ணுமில்ல, எல்லாரும் நல்லா இருக்காங்க… ஆஸ்பத்திரிக்கும் இல்ல. காய்ச்சலே இல்ல எனக்கு.

இரு. நான் சொல்லிடறேன். நடுவுல கேக்காத, கேட்டா நான் மறுபடியும் எதனா பொய் சொல்லிடுவேன். நாக்கு பழகிப் போச்சி.

எனக்கு மெட்ராஸ்ல சீட் கெடச்சிருக்கு… சைக்காலஜி… திங்கக்கெழம கிளாஸ் ஆரம்பிக்குது. நாளைக்கு ஹாஸ்டல்ல இருக்கணும்… வேலூர்ல நான் சேரல… இல்லடி, கேன்சல்லாம் பண்ணல. அங்க நான் அட்மிஷனே போடல.

…ஆமா, போட்டுட்டேன்னு சொன்னேன். ஜெர்மனிலேருந்தே ஆன்லைன்ல போட்டுட்டேன்னு ஒங்கிட்ட சொன்னேன். பொய்.

…எப்போலேருந்துன்னா… நீ ஒருநாள் போன் பண்ணி, ஹாஸ்டல் அம்மாகிட்ட பேசிட்டேன், நாம ரெண்டு பேரும் ஒரே ரூம்தான்னு சொன்னியே. மூச்சு விடாம பேசுனியே. அன்னிக்கே எனக்குத் தெரியும். அதுக்கு மொத நாளுதான் மெட்ராஸ்ல ஓகே சொன்னாங்க. நான் போன எடுத்ததும் நீ ரூமு ரூமுன்னு ஆரம்பிச்சிட்ட. நான் அப்படியே… அப்புறம் சொல்லிக்கலாம், நேர்ல போயி சொல்லிக்கலாம்னு…

நேர்லதான் வந்தேனே. வந்து எத்தன நாளாச்சு. திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் நடுவுல அரமணி நேரம். வரலையே நான். போன பௌர்ணமிக்கு ஊர் பூரா கூட்டம். ஞாபகம் இருக்கா, ஸ்கூல் படிக்கும்போது பௌர்ணமி வந்தா ஒனக்கு பஸ் கெடைக்காது, கிரிவலம் வரவங்கதான் எல்லா பஸ்லயும் தொங்குவாங்க. நீ எங்க வூட்லதான் படுப்ப. அன்னிக்கு அம்மி தட்டு வைக்கும்போது ஒண்ணு ஜாஸ்தியா வச்சிட்டாங்க. வச்சிட்டு என்னப் பாத்தாங்க. வினோ வரலையான்னு கேட்டாங்க. நீ ஊர்ல இல்லன்னு சொன்னேன். எங்க அம்மிகிட்டயும் பொய்.

…திட்டு. எதனா சொல்லு…

…தெரியும். எனக்குத் தெரியாதா. நான் இருந்தாதான் ஒங்கப்பா ஹாஸ்டலுக்கு அனுப்புவாரு, ரூக்ஸார் தொணைக்கு இருந்தா போ, இல்லன்னா வேணாம்னு சொல்லிட்டாருன்னு நீதான் சொன்னியே… அது தெரிஞ்சிதான்டி இப்படி ஓடறேன். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சொல்லுவாங்க. எனக்குக் குறுகுறுன்னு இல்ல, திகுதிகுன்னு எரியுது. ஸ்கூல் முடிச்சிட்டு காலேஜ் சேராம நான் ஊர் சுத்துன வருஷத்துக்கு கேப் இயர்னு ஒரு பேரு இருக்கு. எல்லாரும் கேட்டு, அப்படியா, சூப்பர்னு சொல்றாங்க. நீ எனக்காக வூட்ல உக்காந்திருந்த வருஷத்துக்கு இன்னா பேரு…

…வினோ? …யார்கிட்ட குடுக்கற… வேணாம்டி, அப்பாகிட்ட குடுக்காத, நான் அப்புறம்…

மாமா… ஆமாங்க மாமா, ரூக்ஸார்தான்… நல்லா இருக்கேங்க… காய்ச்சலா? …இல்லீங்க மாமா. காய்ச்சல் இல்ல. சும்மா சொன்னேன்.

ஆமாங்க… பஸ்லதான்… மெட்ராசுக்கு… அங்கதான் சேர்றேன். வேலூர் இல்லீங்க…

திட்டுங்க மாமா. நீங்களாவது திட்டிடுங்க… சாப்ட்டேங்க… சாப்ட்டுட்டுதான் ஏறுனேன்… ஆமா, அம்மி டிபன் பாக்ஸ்ல கட்டியும் குடுத்தாங்க… ஜன்னலோரந்தான்… பக்கத்துல யாருமில்ல, பேக் வச்சிருக்கேன்… தனியாதான் மாமா. அப்பா வரேன்னுதான் சொன்னாரு, நான்தான் வேணாம்னு… இல்லீங்க, பயமெல்லாம் இல்ல…

மாமா, நான் ஒண்ணு கேக்கணும். கேக்கறதுக்கு எனக்கு யோக்கியத இல்ல. ஆனாலும் கேக்கறேன். வினோவ நீங்க தனியா அனுப்பணும்… இல்ல மாமா, கொஞ்சம் கேளுங்க. பொம்பளப் புள்ளைய தனியா அனுப்பறதுக்கு ஒங்களுக்கு மனசு வரலதான். எனக்குப் புரியுது. ஆனா வேலூர் என்ன கண்ணுக்கெட்டாத தூரமா? லேடீஸ் ஹாஸ்டல். வார்டன் இருக்காங்க. சாயந்தரம் கேட்டப் பூட்டிடுவாங்க. நான் இருந்தாலும் இல்லன்னாலும் அவ நல்லாதான் படிப்பா. என்னவிட மார்க் ஜாஸ்தி அவ. ஏற்கெனவே ஒரு வருஷம் வீணாப் போச்சி, என்னால. இன்னொரு வருஷம் நீங்க தடுத்தீங்கன்னா…

…என்ன மாமா?

…நீங்கதானே.

…இல்ல… இருங்க மாமா… நீங்க தடுக்கலையா?

…போன வருஷமா… ம்… ம்… வேலூருக்குப் போக ஒங்க மச்சான் வண்டியா, வேன்… வூட்டு வாசல்லயே வந்து நின்னுதா… பொட்டியெல்லாம் ஏத்தியாச்சி… சரிங்க… அவ வரலையா. உள்ள போயி கதவ…

அவளேவா சொன்னா? ரூக்ஸார் வந்தாதான் போவேன், இல்லன்னா போக மாட்டேன்னு… அவளேவா…

…ஆமாங்க… ஆமா… அழுவற புள்ளைய எப்படித் தூக்கி வண்டில போடறதுன்னு… சரிதாங்க… நீங்க என்ன பண்ணுவீங்க…

…எங்கிட்டயா? எங்கிட்ட அவ… இல்ல மாமா. அவ ஒண்ணும் சொல்லல. ஒங்களப் பத்தி ஒரு வார்த்த சொன்னதில்ல. நான்தான் அப்படி இருக்கும்னு நெனச்சிக்கினேன். நானா நெனச்சிக்கினதுதான் மாமா, நெசமா.

மாமா, என்ன மன்னிச்சிடுங்க… எதுக்குன்னு கேக்காதீங்க. மன்னிச்சிட்டேன்னு மட்டும் சொல்லுங்க… பெரிய மனுஷி மாதிரிதான் பேசறேன், ஆமா… சிரிக்காதீங்க மாமா…

…எங்கயா? இப்பதான்… சோமாசிபாடி வருது… எந்த பஸ்ஸா? மஞ்சக் கலரு. முன்னாடி கண்ணாடில எலுமிச்சம்பழம் கட்டியிருக்கு… எதுக்கு மாமா கேக்கறீங்க…

வேணாம். வேணாம் மாமா, வண்டி எடுக்காதீங்க. கீழ்பென்னாத்தூர்ல பஸ்ஸு ரெண்டு நிமிஷம்கூட நிக்காது… எனக்கெதுக்கு இப்ப மல்லாட்ட… நான் பண்ண வேலைக்கு நீங்க… மாமா… ஹலோ… மாமா…

…வினோ? நீயா? போனக் குடுத்துட்டுப் போயிட்டாரா… அவரப் புடிடி, வர வேணாம்னு சொல்லு… கெளம்பிட்டாரா… டிவிஎஸ் சத்தம் கேக்குது…

…

வினோ. இப்ப நான் கேக்கறேன், நீ சொல்லு. ஏன் எங்கிட்ட அப்படி சொன்ன? அப்பா விடமாட்டேங்கறாருன்னு…

…ம்.

…ம்… சொல்லு, கேக்கறேன்… பயமா இருந்துச்சா. அவ்ளோதானா? …தெரியாத ஊரு, தெரியாத பொண்ணுங்க… சரி… அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, பயமா இருக்குடின்னு ஒரு வார்த்த…

சிரிச்சிருப்பேனா? நானா?

…

ஆமா. சிரிச்சிருப்பேன். ஐயே, வேலூருக்குப் போறதுக்கு ஒரு பயமான்னு கேட்டிருப்பேன். கேட்டுட்டு பிளேன் ஏறியிருப்பேன்.

அப்பா மேல பழிய போட்டா, பாவம் வினோ, அவ எனக்காகத்தான் காத்துகினு இருக்கான்னு திரும்பி வந்துடுவேன்னு நெனச்ச. அதானே… தப்பில்லடி. சரியாதான் நெனச்ச. நீ அப்படிச் சொல்லியும் நான் வரல பாரு.

இல்ல, நீ சாரி சொல்லாத. நீ எனக்கு சாரி சொன்னா நான் இங்கயே பஸ்ல கத்திடுவேன். நான் பண்ணத முழுசாக் கேளு மொதல்ல.

அங்க, நான் வேல செஞ்ச முதியோர் இல்லத்துல, கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு கூட்டம் வச்சாங்க. எல்லா நாட்டுப் பசங்களும் வந்திருந்தாங்க. ஒங்க ஊர்ல பொண்ணுங்க நெலம எப்படின்னு ஆளுக்கு கொஞ்சம் பேசச் சொன்னாங்க. நான் எழுந்து போயி ஒங்கப்பாவப் பத்திப் பேசுனேன்… ஆமா. ஒங்கப்பாவத்தான்… பேரு சொல்லல. அந்த மட்டுக்கும் புத்தி இருந்துச்சி. எனக்கு ஒரு ஃப்ரெண்டு இருக்கா, ரொம்ப நல்லாப் படிப்பா, தொணை இல்லன்னு அவ அப்பா அவளக் காலேஜுக்கே அனுப்பாம வூட்ல வச்சிருக்காருன்னு… எல்லாம் உச்சு கொட்டுனாங்க. ஒரு லேடி கண்ணத் தொடச்சிகினாங்க. கை தட்டுனாங்கடி. கை தட்டும்போது எனக்கு நல்லாதான் இருந்துச்சி.

அதோட விடல நான். மெட்ராஸ் காலேஜ்ல வீடியோல இன்டர்வியூ வச்சாங்க. ஏம்மா சைக்காலஜி படிக்கணும்னு கேட்டாங்க. நான் மறுபடியும் அதே கதைய எடுத்து வுட்டேன். ஒன்ன மாதிரி பொண்ணுங்களுக்கு எதனா பண்ணணும்னு சொன்னேன். அந்த மேடத்துக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சி. சீட்டு அதுல வந்ததுதான்.

…ஆமா. அந்த மனுஷனத்தான். எனக்காக செடியோட புடுங்கியாந்து வேகவச்சிகினு இருக்காரே, அவரத்தான் ஊர் ஊரா வில்லனாக்கி வச்சிருக்கேன். அவரு என்னாடான்னா சாப்ட்டியா, ஜன்னலோரமான்னு கேக்கறாரு.

…அவருக்குத் தெரிய வேணாம் வினோ. நீ சொன்ன பொய்யும் தெரிய வேணாம், நான் சொன்னதும் தெரிய வேணாம்… நான் அவர்கிட்ட நானா நெனச்சிக்கினேன்னு சொல்லிட்டேன். நீயும் அப்படியே இரு…

…என்ன கேட்ட? …எனக்குப் பயமா இல்லையான்னா? எப்ப? அங்க போனப்பவா?

இருந்துச்சி.

மொத நாள் ராத்திரி லைட் சுவிட்ச் எங்க இருக்குன்னே தெரியல. அத யார்கிட்ட, எந்த பாஷைல கேக்கறது? இருட்டுலயே பாத்ரூம் தரைல உக்காந்து அழுதேன். விடியறதுக்குள்ள ஊருக்குப் போயிடணும்னு இருந்துச்சி. காலைல ஒனக்கு ஒரு போட்டோ அனுப்புனேன், ஜன்னல்ல பூத்தொட்டி வச்சி… ஆமா, அதேதான். நீ ஹார்ட்டு போட்டியே… அது அழுது முடிச்சிட்டு, மூஞ்சி கழுவிட்டு எடுத்தது. பயமா இருக்குடின்னு நானும் ஒங்கிட்ட சொல்லலையே. சொல்லியிருந்தா, அட, இவளே பயப்படறா, நான் பயந்தா என்னன்னு நீ போன வருஷமே வேன்ல ஏறியிருப்ப.

…ம். ஏறியிருப்ப.

சரி, இப்ப நான் சொல்றதக் கேளு. நான் ஒங்க ஊர்லயே எறங்கிடறேன். ஒங்க வூட்டுக்கு வந்துடறேன். திங்கக்கெழம நானும் ஒங்கூட வேலூருக்கு வரேன். ரூம்ல கொண்டுபோயி விட்டுட்டு, ஒன் பக்கத்துல ஒரு நாள் இருந்துட்டு, அப்புறம் மெட்ராசுக்குப் போறேன். கிளாஸ் ஒரு நாள் போனா போகுது…

…வேணாமா.

அப்பா கூட்டிகினு போவாரா? அதுவும் நல்லதுதான்… அப்பாவும் வேணாமா? …அப்ப யாரு கூட?

நீ மட்டுமா.

…பஸ்லயா? பொட்டி, பக்கெட்டெல்லாம் தூக்கிகினு? …வினோ, பயமா இருக்காதா ஒனக்கு…

…

இருக்கும். சரி… இருந்தா இருக்கட்டுமா… ம்… சரிடி… இல்ல, நான் கேட்டிருக்கக் கூடாது.

…அழுவறியா? …இல்லயா. சரி. நான்தான்.

ஒண்ணே ஒண்ணு. ஒனக்குன்னு அங்கேருந்து பேக் வாங்கியாந்தேன், நீலக் கலரு, ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி. எங்கப்பாகிட்ட குடுத்து… இல்ல. இதுலயும் பொய் வேணாம். அது இங்கதான் இருக்கு. எனக்கு ஒரு பேக்கு பத்தல, காலைல அவசரத்துல ஒன் பேக்லயும் என் துணிய அடச்சிகினு வந்துட்டேன். என் பக்கத்து சீட்லதான் இருக்கு… துவச்சி அனுப்பறேன்டி… ம்… ம்… சரி, நீயே வச்சிக்கன்னு சொல்லாத, அப்படி மட்டும் சொல்லாத…

…சொல்லிட்ட.

…ஊரு வந்துடுச்சி. ரைஸ் மில்லு தெரியுது… லைன்லயே இரு, வச்சிடாத. கீழ்பென்னாத்தூர்னு கண்டக்டர் சத்தம் போடறாரு, கேக்குதா… ஏறுனப்போ இந்த பஸ்ஸு அங்க நிக்காம போயிடணும்னு வேண்டிகினேன். இப்ப நிக்கப் போகுது.

நீ வரல. தெரியும். சும்மாதான் பாக்கறேன்…

அப்பா நிக்கிறாரு. கைல… வினோ, கைல செவப்பு பக்கெட்டு…

மாமா, இங்க… இந்தப் பக்கம், ரெண்டாவது ஜன்னல்… ஓடாதீங்க மாமா, விழுந்துடப் போறீங்க… அண்ணா, கொஞ்சம் இருக்கச் சொல்லுங்கண்ணா, ஒரு நிமிஷம்… படிக்கட்டாண்ட வரேன், அங்கயே குடுங்க… ஐயோ, சுடுது… துண்ட எடுத்துக்குங்க மாமா, ஒங்க துண்டு… பரவால்லையா… இவ்ளோ எதுக்கு… ம்… ம்… பஸ்ல இருக்கறவங்களுக்கும் குடுக்கறேன், சரிங்க…

…போயி சேந்ததும் பண்றேன். ஒங்களுக்குதான் மொதல்ல பண்ணுவேன்… அவகிட்ட கோவமெல்லாம் இல்ல மாமா. அவளுக்குதான்… இல்ல, ஒண்ணுமில்ல. போறேன்னு சொல்லல, வரேன்… வரேங்க மாமா… ஓரமா நில்லுங்க, பஸ் எடுக்கறாங்க…

…வினோ, இருக்கியா? …குடுத்துட்டாரு… இன்னும் ஆவி வருது. துண்டால மூடியிருக்காரு… இன்னும் அங்கயே நிக்கிறாருடி, பஸ்ஸப் பாத்துகினு. வெயில்ல. தலைல துண்டுகூட இல்ல…

பக்கெட்ட நீ குடுத்தனுப்புனியா, அவரா எடுத்தாந்தாரா?

…

நீயா.

…எனக்குன்னு வாங்குனது, அங்க இருந்தா ஒனக்குத்தான் என் ஞாபகம் வந்துகினே இருக்கும்… ம்… ரூம்ல ஒரு பக்கெட்டு இருந்தா போதும். ஆமா. புரியுது.

ஒண்ணு தின்னுப் பாக்கவா? நீ லைன்ல இரு, நான் திங்கறேன்… உப்பு சரியா இருக்குடி. ஜாஸ்தியாதான் இருக்கு… வினோ, திங்கக்கெழம பஸ் ஏறுனதும் எனக்கு ஒரு… இல்ல. பண்ணணும்னு இல்ல. எப்பனா, தோணுச்சின்னா. ராத்திரி லைட் சுவிட்ச் எங்க இருக்குன்னு மட்டும் வெளிச்சத்துலயே பாத்து வச்சிக்கோ. சரியா? …வினோ?

…ஹலோ… வினோ… கேக்குதா… ஹலோ…

வச்சிட்டா.

…ஆங், என்னங்க? …இல்லீங்க, இந்த சீட்டுக்கு யாரும் வரல. அந்த பேக்கு என் ஃப்ரெண்டோடது… மடில வச்சிக்கறேன், நீங்க உக்காருங்க.